ரயில் காட்டும் நேரம்

போன வாரம் ஜெரூஷா ஒரு பொய் சொன்னாள். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இந்த வாரம் அந்த வீட்டில் சிந்திய கண்ணீரெல்லாம் அதிலிருந்துதான் புறப்பட்டது.

“வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கேன்க்கா. சேலையூர்ல ஒரு நர்சரி இருக்காம், பாப்பாவைக் கூட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வரலாம். எல்லாம் அடுத்த வருஷத்துக்குத்தான்” என்று வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற அருள்மேரியிடம் சொல்லியிருந்தாள். நர்சரி உண்மை, லீவு உண்மை. அந்த அடுத்த வருஷம்தான் பொய்.

யாரோ ஒரு குழந்தையின் அப்பாவுக்கு ஊர் மாற்றலாகி, அந்த நர்சரியில் ஓர் இடம் காலியாகியிருந்தது. காலையில் விட்டால் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வார்கள். திங்கட்கிழமையே சேர்க்கலாம். வெள்ளிக்கிழமை ஒரு காலைப்பொழுது குழந்தையை விட்டுப் பாருங்கள், அன்று மாலைக்குள் ஆமாம், இல்லை என்று சொல்லிவிடுங்கள், காத்திருப்பவர்கள் நிறையப் பேர் என்று சொல்லியிருந்தார்கள்.

“அருள்மேரி அக்காகிட்ட இப்பச் சொல்லாதே” என்றது அவள் புருஷன் ஸ்டெபின்தான். “முன்னாடியே சொன்னா அவங்க வேற வீடு பாத்துப்பாங்க. கடைசில நாம சேக்க வேணாம்னு முடிவு பண்ணினோம்னு வை, ஆளும் போயிருக்கும், ஸ்கூலும் போயிருக்கும்.”

கணக்கு என்னவோ சரியாகத்தான் இருந்தது. ஸ்டெபின் திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் நாளெல்லாம் இரும்பு உருப்படிகளை அளந்து பார்க்கிறவன். மனுஷர்களையும் அப்படி அளந்துவிடலாம் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

மகள் ஜோவிதாவுக்கு இரண்டரை வயது. இப்போதே சேர்த்துவிடலாம் என்பது ஸ்டெபினின் கட்சி. நாலு பிள்ளைகளோடு பழகினால் பேச்சு நன்றாக வரும் என்பான். இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்பது ஜெரூஷாவின் கட்சி. ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு நாள் ஒவ்வொன்று சொல்வாள். சளி பிடிக்கும், சரியாகச் சாப்பிட மாட்டாள், மழைக்காலம் வருகிறது. உண்மையான காரணம் வேறு. பிள்ளை அழுவாள். தான் கிளம்பும்போது ஜோவிதா அழுது ஜெரூஷா ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கிற தைரியமும் அவளுக்குக் கிடையாது.

“எங்க பாப்பா அழவே மாட்டா. நான் கிளம்பறதே அவளுக்குத் தெரியாது” என்று குரோம்பேட்டை ஆபீசில் பெருமையடித்துக்கொள்வாள். சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டு வருகிற மற்ற பெண்களெல்லாம் அவளைப் பொறாமையோடு பார்ப்பார்கள்.

அதற்கு அவளும் அருள்மேரியும் சேர்ந்து ஒரு வழி வைத்திருந்தார்கள். இரும்புலியூரில் அவர்கள் குடியிருப்பது இரண்டாவது மாடி. பால்கனியில் நின்றால் ரயில் பாதை தெரியும். ஜெரூஷா கைப்பையை எடுக்கிற நேரம் வந்ததும் அருள்மேரி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவாள். “பாப்பா, அதோ பாரு ரயிலு! எம்மாம் பெருசு!” ஜெரூஷா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்குவாள். ஸ்கூட்டியை வாசலில் ஸ்டார்ட் செய்ய மாட்டாள். தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் சாவியைத் திருப்புவாள்.

நம் வீடுகளில் இது ஒன்றும் புதிதில்லை. காக்கா காட்டி, நாய்க்குட்டி காட்டி, எதிர்வீட்டு மாமாவைக் காட்டி நழுவாத அப்பா அம்மா எங்கே இருக்கிறார்கள்? அழவிடாமல் வந்துவிட்டோமே என்று நமக்கும் ஒரு நிம்மதி.

வெள்ளிக்கிழமை காலையிலும் ஜெரூஷா கைப்பையை எடுத்ததுமே அருள்மேரி பழக்கதோஷத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பால்கனிப் பக்கம் நடந்துவிட்டாள்.

“எங்கக்கா போறீங்க? இன்னிக்கு மூணு பேரும் சேர்ந்துதானே போறோம்.”

“அட, ஆமால்ல! காலு அது பாட்டுக்குப் போவுதும்மா” என்று அருள்மேரி நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

அருள்மேரிக்கு ஐம்பது வயதுக்கு மேல். கடப்பேரியில் தனியாக இருக்கிறாள். புருஷன் இல்லை. மகன் கோயமுத்தூர் பக்கம் பிழைக்கப் போனவன், அங்கேயே குடும்பமாகிவிட்டான். மாதா கோயிலுக்கு என்று வைத்திருக்கிற நீலப் புடவையை இன்றைக்குக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“பாப்பா படிக்கப்போற எடமாச்சே, நல்லதா கட்டிகினு போவ வேணாமா?” என்று அவளாகவே சொன்னாள்.

ஜெரூஷா அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். அதற்குள் கீழே ஆட்டோ வந்துவிட்டது.

சேலையூரில் ஒரு பழைய வீட்டைத்தான் நர்சரியாக்கியிருந்தார்கள். நடத்துகிறவர் விஷ்ணுப்ரியா மிஸ். காட்டன் சுடிதார், நரைக்கத் தொடங்கிய தலை, உயராத குரல். சுற்றிலும் பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் தள்ளிக்கொண்டும் அழுதுகொண்டும் இருக்க, அந்த அம்மாள் மட்டும் எதற்கும் அவசரப்படாமல் நடமாடிக்கொண்டிருந்தார்.

ஜோவிதா சமத்தாகவே உள்ளே போனாள். மூலையில் மரக்கட்டைகள் குவிந்து கிடந்தன. அங்கே உட்கார்ந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். பக்கத்தில் ஒரு பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுவதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அவனுக்கும் ஒரு கட்டையைக் கொடுத்தாள். ஜெரூஷாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மிஸ் அவளிடம் வந்தார். “நீங்க வெளிய ஆபீஸ் ரூம்ல உக்காருங்க. ஆயாம்மா இங்கயே இருக்கட்டும். முதல்ல அம்மா, அப்புறம் அவங்க. ஒவ்வொருத்தரா விலகிப் பாப்போம்.”

ஜெரூஷா அருள்மேரியைப் பார்த்தாள். அருள்மேரி கண்ணாலேயே சரி என்றாள். எத்தனை நாள் பழக்கம்! அருள்மேரி குழந்தையின் முன்னால் குனிந்து, “பாப்பா, இன்னா கட்றே? வூடா?” என்று மறைத்துக்கொள்ள, ஜெரூஷா சத்தம் போடாமல் எழுந்து வாசலுக்கு நகர்ந்தாள்.

“ஒரு நிமிஷம்” என்றார் மிஸ். “எங்க போறீங்க?”

“நீங்கதானே மிஸ் வெளிய உக்காரச் சொன்னீங்க?”

“ஆமா. குழந்தைகிட்டச் சொல்லிட்டுப் போங்க.”

“சொன்னா அழுவா மிஸ்.”

“அழட்டுமே. இங்க வர்ற குழந்தை எல்லாம் அழும். ஆனா யாரும் சொல்லாமக் கிளம்பக் கூடாது. இங்க அது ஒண்ணுதான் ரூல்.”

ஜெரூஷா திரும்பி வந்து தன் பிள்ளையின் முன்னால் மண்டியிட்டாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆபீசில் கோபத்தோடு வருகிறவர்களையெல்லாம் பேசியே குளிரவைத்து அனுப்புகிறவள், இந்த ஒரு வார்த்தையை மகளிடம் சொல்லிப் பழகவே இல்லை.

“ஜோவி... அம்மா போய்ட்டு வரேன்டா.”

ஜோவிதா கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இதோ வீறிட்டு அழப்போகிறாள் என்று ஜெரூஷா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஜோவிதா அழவில்லை. எழுந்து அருள்மேரியிடம் போய் அவள் விரலைப் பிடித்து இழுத்தாள்.

“ஆயா, ரயில்.”

“இன்னா பாப்பா?”

“ரயில் பாக்கலாம், வா. அம்மா போறா.”

இழுத்துக்கொண்டே ஜன்னலுக்குப் போனாள். அந்த ஜன்னலுக்கு வெளியே ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்தான். ஜோவிதா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி, அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. அம்மா போய்விடட்டும் என்று காத்திருந்தாள்.

ஜெரூஷாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது! ரயில் என்றால் அம்மா போகிறாள். அம்மா போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, அழக் கூடாது, ரயிலைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு அதுதான் பிடிக்கிறது. இவ்வளவும் அந்தச் சின்னத் தலைக்குள் எப்போதோ ஏறிவிட்டது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கினாளே, வண்டியைத் தெருமுனை வரை தள்ளினாளே, யாரை ஏமாற்ற?

அருள்மேரி வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, மாதாவே” என்றாள். தினமும் இடுப்பில் வைத்துக்கொண்டு ரயில் காட்டியவள் அவள்தானே. அவளுக்கும் அந்த நிமிஷம்தான் உறைத்தது.

ஆபீஸ் அறையில் ஜெரூஷா அழுது முடிக்கும்வரை விஷ்ணுப்ரியா மிஸ் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் எடுத்துக் கொடுத்தார். ஜெரூஷா திக்கித் திணறி ரயில் கதையைச் சொன்னாள்.

“எல்லார் வீட்லயும் இருக்கறதுதான்” என்றார் மிஸ். “அழலைன்னா சமத்துன்னு நாம சந்தோஷப்பட்டுக்கறோம். நீங்க சாயங்காலம் திரும்பி வருவீங்கன்னு அவளுக்குத் தெரியுமா?”

“தினமும் வரேனே மிஸ்.”

“போறேன்னே நீங்க சொன்னதில்லையே. அப்புறம் வருவீங்கன்னு அவ எதை வச்சு நம்புவா?”



அருள்மேரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் வந்ததும் மிஸ் அவளையும் உட்காரச் சொன்னார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? “நான் சொல்றது என்னன்னா, திங்கக்கிழமையே ஆரம்பிச்சுடலாம். முதல் ஒரு வாரம் ஆயாம்மாவும் கூட வரட்டும். கொஞ்சம் கொஞ்சமாப் பழகிட்டா அப்புறம் அவங்க தேவைப்பட மாட்டாங்க. யோசிச்சு சாயங்காலம் போன் பண்ணுங்க” என்றார்.

“எந்தத் திங்கக்கெழமை மேடம்?” என்று கேட்டாள் அருள்மேரி.

“வர்ற திங்கக்கிழமைதான்.”

அருள்மேரி ஜெரூஷாவைத் திரும்பிப் பார்த்தாள். ஜெரூஷா குழந்தையின் ஷூவைக் குனிந்து தேடினாள். அது பிள்ளையின் காலிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அருள்மேரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரசம் சாதம் பிசைந்தாள். வழக்கம்போல ஊட்டினாள், முகம் துடைத்தாள், தட்டித் தூங்கவைத்தாள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“எப்பலேர்ந்து தெரியும்மா உங்களுக்கு?”

“போன வாரம்க்கா.” ஜெரூஷா பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இன்னும் முடிவே பண்ணலை. அதான்...”

“முடிவு பண்ணலைன்னே சொல்லியிருக்கலாமே. நான் இன்னா சண்டையா போடுவேன்?”

“சொன்னா வேற வீட்டுக்குப் போயிடுவீங்களோன்னு பயந்துட்டோம்.”

அருள்மேரிக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. “போன மாசம் அஸ்தினாபுரத்துல ஒரு வூட்ல கூப்ட்டாங்கம்மா. ரெட்டைப் புள்ளைங்க. வர்றியா வர்றியான்னு ரெண்டு தபா ஆள் அனுப்ச்சாங்க. எங்க பாப்பா ஸ்கூலு போவ இன்னும் ஒரு வருசம் கீது, வர்றதுக்கில்லன்னு சொல்லி அனுப்சுட்டேன். உங்ககிட்டச் சொன்னா பயந்துக்குவீங்கன்னு நானே வாயை மூடிகினு இருந்தேன்.”

“அக்கா...”

“டெய்லி பாப்பாவுக்கு ரயிலு காட்டினோம். கடைசில எனக்கும் காட்டிட்டீங்களேம்மா.”

ஜெரூஷா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அருள்மேரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “தப்புக்கா. பெரிய தப்பு. நான் இப்பவே மிஸ்ஸுக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன். இந்த வருஷம் ஸ்கூலே வேணாம். நீங்க இருங்க. காலையில நான் சொல்லிட்டுப் போறேன், அழட்டும், மெதுவாப் பழகட்டும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

மனதார விரும்பியே சொன்னாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்வரை பொய்யாக இருந்த அடுத்த வருஷம், இப்போது அவளுக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது.

அருள்மேரி கையை விடுவித்துக்கொண்டாள். கோபத்தோடு இல்லை, மெதுவாகத்தான். “வேணாம்மா. அந்தச் செவுத்தைப் பாத்துகினு நின்னுச்சே புள்ள, அது என் கண்ணைவிட்டுப் போவல. இனிமே அந்த பால்கனியில நான் நிக்க முடியுமா? அப்புறம் ஒண்ணு. நீங்க எங்கனா கூப்ட்டா, எதுக்குக் கூப்புடறாங்கன்னு யோசிப்பேன். போன்ல பேசினா, யாரைப் பத்தின்னு யோசிப்பேன். அப்டி யோசிச்சுகினு ஒருத்தர் வூட்ல புள்ளை வளக்கக் கூடாது.”

“ஒரு வாரமாவது கூட வாங்கக்கா. மிஸ் சொன்னாங்களே.”

“ஒரு வாரம் இருந்தா இன்னும் ஒட்டிக்கும். அதுக்கும்தான், எனக்கும்தான். இன்னிக்கே போயிடறேன். பாப்பா தூங்கிகினு கீது. இதான் நல்ல நேரம்.”

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன் துணிப்பையை எடுத்துவைக்க ஆரம்பித்தாள். மாற்றுப் புடவை, சீப்பு, மூட்டுவலித் தைலம்.

ஜெரூஷா கைபேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள். ஸ்டெபின் எடுத்தபோது பின்னால் மெஷின் சத்தம் காதைப் பிளந்தது. நடந்ததைச் சொன்னாள்.

“சரி, ஒருவகையில நல்லதுக்குத்தான்” என்றான் அவன். “பாப்பா தூங்கும்போதே போயிட்டாங்கன்னா பிரச்சினையில்லை. முழிச்சுக் கொஞ்ச நேரம் தேடுவா, அப்புறம் மறந்துடுவா.”

“மறக்க மாட்டா.”

“ஜெரூ, எங்கப்பா சவுதிக்குப் போனப்பல்லாம் நான் தூங்கினப்புறம்தான் போனாரு. நான் என்ன கெட்டா போயிட்டேன்?”

“முழிச்சதும் என்ன பண்ணுவீங்க?”

மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

“சொல்லுங்க. அப்பா இல்லைன்னு தெரிஞ்சதும் என்ன பண்ணுவீங்க?”

“பீரோவுக்குப் பின்னாடி தேடுவேன்” என்றான் ஸ்டெபின். “அங்கதான் எப்பவும் ஒளிஞ்சுக்குவாரு.” அப்புறம் அவன் குரல் மாறிவிட்டது. “இப்ப எதுக்கு அதெல்லாம்? வேலை இருக்கு” என்று வைத்துவிட்டான்.

ஜெரூஷா திரும்பி வந்தபோது அருள்மேரி பையோடு வாசலில் நின்றாள். செருப்பு கையில் இருந்தது. இரண்டு பேரும் அந்தச் செருப்பைப் பார்த்தார்கள்.

“அக்கா, போறதுன்னா போங்க. நான் தடுக்கலை. தடுக்கற யோக்கியதையும் எனக்கு இல்லை. ஆனா எழுப்பிச் சொல்லிட்டுப் போங்க.”

“என்னால முடியாதும்மா. இன்னான்னு சொல்றது? போய்ட்டு வரேன்னா? வரமாட்டேனே. அதுவும் ஒரு பொய்தானே?”

“சொல்லாமப் போகாதீங்க. சாவு வீட்லேர்ந்துதான்க்கா யாரும் சொல்லாமப் போவாங்க.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. காலைதோறும் இந்த வீட்டிலிருந்து சொல்லாமல் போனது யார்? அருள்மேரி செருப்பைக் கீழே போட்டாள். படிக்கட்டிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

எழுப்ப வேண்டியிருக்கவில்லை. பேச்சுச் சத்தத்தில் ஜோவிதாவே எழுந்து, கலைந்த தலையோடு வந்து நின்றாள். பையைப் பார்த்தாள். ஆயாவைப் பார்த்தாள். சட்டென்று திரும்பி பால்கனியை நோக்கி நடந்தாள்.

ஜெரூஷா பாய்ந்து போய்த் தூக்கிக்கொண்டாள். “வேணாம் கண்ணு. இனிமே ரயில் வேணாம். ஆயா உங்கிட்ட ஒண்ணு சொல்லப்போறாங்க. இங்கயே இருந்து கேளு.”

அருள்மேரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குழந்தையின் கன்னத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

“பாப்பா, ஆயா போறேன்.”

நம் ஊரில் வாசலில் நின்று யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. யாராவது தவறிச் சொன்னால்கூட, வரேன்னு சொல்லு என்று அடித்துத் திருத்துவோம். ஜெரூஷா திருத்தவில்லை.

“நீ தூங்கி எழுந்தா ஆயா இருக்க மாட்டேன். நாளைக்கும் வரமாட்டேன். நீ ஸ்கூலு போ. சாதம் நல்லா சாப்டு. அம்மாவை விடாதே, இன்னா?” நெற்றியில் சிலுவை போட்டாள், முத்தம் கொடுத்தாள். பையை எடுத்துக்கொண்டாள். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் சத்தம் கேட்க, கீழே இறங்கினாள்.

சத்தம் நின்றதும் ஜோவிதா அழுதாள்.

அப்படி ஓர் அழுகையை அந்தக் கட்டடம் கேட்டதில்லை. உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு, அம்மாவின் தோளைக் கடித்துக்கொண்டு, ஆயா ஆயா என்று அலறினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சின்மயி எட்டிப் பார்த்தாள். “என்னாச்சு ஜெரூஷா? டிவியைப் போடுங்க, பிஸ்கட் தரட்டுமா?” என்று பதறினாள்.

“வேணாங்க. அழட்டும்” என்றாள் ஜெரூஷா. “அவ ஆயா போயிட்டாங்க. அதுக்கு அழறா.”

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். தட்டிக்கொடுத்தாளே தவிர, எதையும் காட்டவில்லை. அவளும் சேர்ந்துதான் அழுதாள்.

அழுகை விக்கலாகக் குறைந்த நேரத்தில் விஷ்ணுப்ரியா மிஸ் அழைத்தார். சேர்க்கிறீர்களா, அடுத்த பேருக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். இன்னும் ஒரு வருஷம் என்று சொல்ல இனி ஜெரூஷாவிடம் ஒன்றும் மிச்சமில்லை. “திங்கக்கிழமை கூட்டிட்டு வரேன் மிஸ். ஆயாம்மா வரமாட்டாங்க. நான் வரேன். சொல்லிட்டுத்தான் போவேன்” என்றாள்.

கைபேசியைக் கீழே வைக்கும்போது ஸ்டெபினின் செய்தி ஒன்று கிடந்தது. தூங்கும்போதே போயிட்டாங்களா, என்று கேட்டிருந்தான். அதற்கு அவள் பதில் போடவில்லை.

உள்ளே அடுப்பில் சின்னத் தீயில் பால் வைத்த ஞாபகம் வந்தது. எழுந்திருக்கப் போனவள், பாதியில் நின்று, மறுபடி உட்கார்ந்தாள்.

“ஜோவி, அம்மா அடுப்பை அணைச்சுட்டு வரேன். போய்ட்டு வந்துடுவேன். சரியா?”

ஜோவிதா அவள் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்தாள். ஜெரூஷா அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். போனாள். அடுப்பை அணைத்தாள். பிள்ளை வீறிட்டாள். ஜெரூஷா ஓடிவந்தாள்.

“வந்துட்டேன், பாத்தியா?”

ஜோவிதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

“போ” என்றாள்.

“மறுபடியுமா?”

“போ.”

“சரி, அம்மா போய்ட்டு வரேன்.” போனாள். சமையலறைச் சுவரோடு சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தரம் சத்தம் இல்லை. திரும்பி வந்து, “வந்துட்டேன்” என்றாள்.

“போ.”

மூன்றாவது தரம் அவள் வந்தபோது ஜோவிதா சிரித்தேவிட்டாள். மூக்கும் கண்ணும் சிவந்து கிடக்க, விக்கலுக்கு நடுவே, கையைத் தட்டிச் சிரித்தாள். விளையாட்டு பிடிபட்டுவிட்டது. போகிறவர்கள் திரும்பி வருவார்கள்.

பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். படிக்கட்டைப் பார்த்து, இரண்டு கையையும் நீட்டினாள்.

“ஆயா, இப்ப நீ வா” என்றாள்.